ஓடும் தோலும்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் லீனா. தொழிற்பேட்டையான பீன்யாவில் மெட்ரோ ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைமுடியில் பழுப்பாக ஏதோ தூள். மரத்தூளா என்று கேட்டேன்.

"பாதாம் ஓட்டுத் தூசி அக்கா. எவ்ளோ ஷாம்பு போட்டாலும் போகாது."

அப்படி ஆரம்பித்த பேச்சு. நாங்கள் இருவரும் இறங்க வேண்டிய மெஜஸ்டிக் ஸ்டேஷனை ரயில் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இப்படி எழுதத் தொடங்கினேன்: "பாதாமும் மனித மனம்போலத்தான், கடினமான ஓட்டுக்குள்ளே மென்மையான ஒரு"

அடித்துவிட்டேன். லீனா படித்தால் சிரிப்பாள். அவள் வேலை செய்யும் ஷெட்டில் உடைப்பது காகித ஓட்டுப் பாதாம். விரலால் அழுத்தினாலே நொறுங்கிவிடும். உவமையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆட்களிடம் போகிறேன்.

2

மௌரீன் என்ற பெண்மணி, மர்பி டவுன் பகுதிக்காரர். ஐம்பதை நெருங்குகிறார். தனி ஆள். பீன்யாவில் ஒரு ஷெட் எடுத்து பாதாம் உடைக்கிறார். கலிஃபோர்னியாவிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்து, லாரியேறி வருகிற மூட்டைகள். உருளைகளுக்கு நடுவே ஓடு நொறுங்கும், சல்லடை ஆடும், பெரிய காற்றாடி ஓட்டுச் சில்லுகளை ஊதித் தள்ளும். தப்பி வருகிற சில்லுகளைப் பெல்ட்டின் இரு பக்கமும் நிற்கும் பெண்கள் பொறுக்கி எடுப்பார்கள். அவர்களுக்கு சூப்பர்வைசர் லீனா.

சந்துக்கு எதிர்ப்பக்கம் ஆதிகேசவன். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஓடு நீக்கிய பருப்பை வாங்கி, வெந்நீரில் போட்டு, மெஷினில் தோலுரித்து, மெல்லிசாகச் சீவி பேக்கரிகளுக்கு அனுப்புவார்.

(முதல் பிரதியில் இவரைத் தாடி வைத்த சோக மனிதராக எழுதியிருந்தேன். "அவரா? சட்டையில இஸ்திரி மடிப்பு கலையாம வர்ற ஆளு அக்கா" என்றாள் லீனா போனில். தாடியை எடுத்துவிட்டேன்.)

மௌரீனின் தூசி சந்தைக் கடந்து ஆதிகேசவனின் வெள்ளைப் பருப்பின் மேல் படியும். ஆதிகேசவனின் ஷெட்டில் பருப்புத் தோல் கழுவிய தண்ணீர் பழுப்பாக ஓடிவந்து மௌரீனின் கேட்டில் தேங்கும். சண்டைக்கு இது போதும். இருவரும் தமிழர்கள்தான். ஆனால் தமிழில் திட்டினால் சொந்தக்காரச் சண்டைபோல் ஆகிவிடுமென்று வருடக்கணக்கில் ஊர் மொழியான கன்னடத்திலேயே திட்டிக்கொண்டார்கள்.

3

பெரிய பிஸ்கட் கம்பெனிகள் உடைத்த பருப்பையே வெளிநாட்டிலிருந்து இறக்கத் தொடங்கியதும் மௌரீனின் பெல்ட் பாதி நாள் நின்றது. தீபாவளி முடிந்தால் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். யாரை முதலில் என்று யோசிக்கும்போதெல்லாம் அவர் எழுந்து போய் டீ போட்டார். அந்த மாதம் நிறைய டீ.

அப்போதுதான் தாரணி வந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியில் சரக்கு வாங்கும் அதிகாரி.

"பழைய பருப்புல எண்ணெய்ச் சிக்கு வாசனை வருது மேடம். ஒடைச்ச அன்னிக்கே தோலுரிச்சு, சீவிக் குடுக்கணும். வருஷம் முழுக்க எடுப்போம். உங்ககிட்ட தோலுரிக்கிற மெஷின் இருக்கா?"

"இருக்கு" என்றார் மௌரீன்.

பக்கத்தில் நின்ற லீனாவுக்குப் புரையேறியது.

"அப்ப வியாழக்கெழம நேர்ல வந்து பாக்கறேன்" என்று தாரணி கிளம்பினாள்.

4

மெஷின் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்றார் மௌரீன். சர்ச் விருந்துக்கு வைத்திருக்கும் அண்டாக்களை இரவல் வாங்கி வெந்நீர் வைத்தார்கள். ஊறிய பாதாமை இரண்டு விரலால் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பறக்கும். எங்கே பறக்கும் என்பது அதன் இஷ்டம். ஒன்று மாதா படத்தில் மோதியது. ஒன்று மௌரீனின் மூக்குக்கண்ணாடியில். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மௌரீன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மாதம் முழுக்க அவர் சிரித்திருக்கவில்லை.

தூசிக்காகச் சண்டை போட வந்த ஆதிகேசவன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு பருப்பு தாவி வந்து அவர் சட்டைப் பையில் விழுந்தது.

"அது எங்க சரக்கு. குடுங்க" என்றார் மௌரீன். அவரிடம் பேசிய முதல் தமிழ் வார்த்தைகள்.

ஆதிகேசவன் அதை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"நல்ல பருப்பு" என்றார், அவரும் தமிழில். "ஆனா இப்படி உரிச்சா அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் முடியும் மேடம். என் மெஷின் ரெண்டு வாரமா சும்மா நிக்குது. எனக்கும் ஆர்டர் இல்ல."

"என் தூசிதான் உங்களுக்கு ஆகாதே?"

"தூசிய நான் பாத்துக்கறேன். நீங்க பருப்பக் கொண்டாங்க."

(இங்கே நான் மாட்டிக்கொண்டேன். இத்தனை வருடப் பகையாளி இவ்வளவு சுலபமாக இறங்கி வருவாரா? வாசகர் நம்புவாரா? காரணம் தேடி மூன்று பத்தி எழுதினேன், மூன்றும் பொய்யாக இருந்தன. லீனா சொன்னது ஒரே வரி: "அவ்ளோ சிரிப்பு கேட்டா யாருக்குத்தான் உள்ள வரத் தோணாது?")

இந்த ஆளிடம் போய் நிற்பதா என்று மௌரீனுக்கு ரோஷம் வந்தது. திரும்பிப் பார்த்தார். பெண்களின் விரல்நுனிகள் வெந்நீரில் ஊறிச் சிவந்திருந்தன.

"லீனா, எல்லாத்தையும் மூடி போட்ட டப்பாவுல போடு. எதிர்ப்பக்கம் போறோம்."

மறுநாளே ஆதிகேசவன் தூசியைப் பிடிக்க மௌரீனின் காற்றாடி வாயில் நீளமான துணிப்பை தைத்துக் கட்டினார். மௌரீன் அவர் தண்ணீருக்கு ஒரு குழாய் போட்டு வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டார். நன்றி என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் கன்னடத்துக்குத் திரும்பவும் இல்லை.

5

வியாழக்கிழமை வந்தது. எனக்கு இங்கே இரண்டு வழி இருந்தது. மௌரீன் பொய்யைத் தொடர்ந்து, தாரணி கண்டுபிடித்து, அழுகை, மழை என்று ஒன்று. பாதி எழுதினேன். மழை கூட வந்துவிட்டது. ஆனால் நடந்தது வேறு.

"தோலுரிக்கிற செக்‌ஷன் எங்க மேடம்?" என்று கேட்ட தாரணியை மௌரீன் சந்துக்கு அழைத்துவந்தார். நடுச்சந்தில் தாரணி நின்றாள். எதிர்க் கட்டடத்தில் வேறு பெயர்ப்பலகை.

"இது வேற கம்பெனியாச்சே?"

"ஆமாம்மா. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். மெஷின் இவரோடது. ஒடைக்கிறது நானு, உரிக்கிறது இவரு. வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. ஆனா சாப்ட்டுப் பாத்துட்டுச் சொல்லு."

சொல்லிவிட்டு மௌரீன் கையைக் கட்டிக்கொண்டார்.

ஆதிகேசவன் தட்டை நீட்டினார். சற்றுமுன் சீவிய வெள்ளைப் பாதாம், இன்னும் இளஞ்சூடாக. தாரணி ஒரு துண்டு எடுத்தாள். பிறகு இரண்டு. பிறகு ஒரு கை.

"பருப்பு இந்தச் சந்த எப்படிக் கடந்து வருது?"

"மூடி போட்ட டப்பாவுல" என்றார் மௌரீன்.

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டா என் ஐஸ்கிரீம் என்ன ஆவுறது?"

"போட்டு முடிச்சாச்சு" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

தாரணி சிரித்துவிட்டாள். ஆர்டர் கிடைத்தது. பெல்ட் முழு நாளும் ஓடத் தொடங்கியது. ஒரு பெண்ணும் வீட்டுக்குப் போகவில்லை. மாறாக இரண்டு பேர் புதிதாக வந்தார்கள்.

6

இங்கேயே முடித்திருக்கலாம். வியாபாரக் கதைக்கு இது நல்ல முடிவு. ஆனால் லீனா முடிக்கவில்லை.

டப்பாக்களோடு மௌரீன் போடும் டீயும் எதிர்ப்பக்கம் போகத் தொடங்கியிருந்தது. போன மாதம் ஒரு காலை, ஆதிகேசவன் மௌரீனின் ஷெட்டுக்கு வந்தார். உடைக்கும் மெஷின் ஓடும்போது அங்கே கத்தித்தான் பேச வேண்டும். அவர் ஏதோ சொல்ல, மௌரீன் காதைக் காட்டி "என்னா?" என்றார். அவர் மறுபடி சொன்னார். மறுபடி "என்னா?" மூன்றாம் முறை ஆதிகேசவன் மூச்சை இழுத்து, உச்சக் குரலெடுத்தார். அதே நொடியில், மூட்டை மாற்ற லீனா ஸ்விட்சை அணைத்தாள்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

ஷெட் முழுக்க எதிரொலித்தது. பெல்ட்டின் இரு பக்கமும் எல்லாக் கைகளும் நின்றன. ஆதிகேசவனின் காது சிவந்தது. மௌரீன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"லீனா, மெஷினப் போடு."

"ஆன்ட்டி?"

"போடுடி!"

மெஷின் முழங்கியது. மௌரீன் ஆதிகேசவனின் காதருகே போய்ப் பேசினார். சம்மதத்துக்கு ஒரு வார்த்தை போதும், மறுப்புக்கும் ஒன்று போதும். மௌரீனோ நீளமாகப் பேசினார். ஆதிகேசவன் நடுவில் ஏதோ சொல்லப் பார்த்தார். மௌரீன் விரலைத் தூக்கித் தடுத்துவிட்டு மேலே பேசினார். கடைசியில் ஆதிகேசவன் தலையாட்டியதும் இருவரும் சிரித்ததும் எல்லாருக்கும் தெரிந்தது. சொன்னது மட்டும் ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

"நீங்க எழுதறவங்கதானே, என்ன சொல்லியிருப்பாங்க?" என்று லீனா என்னைக் கேட்டாள். சர்ச்சிலா கோவிலிலா என்ற பேச்சாக ஒன்று, இப்படியே இருக்கலாம் என்பதாக ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க என்று ஒன்று. எல்லாம் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கேட்டது என் குரல்தான், மௌரீனின் குரல் இல்லை.

அதனால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்: [                    ]

மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் கிட்டே வந்து, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.