நீலஸின் நான்காவது எட்டு

1

இந்தக் கதை எனக்கு நார்வேயின் வடகோடியில், எங்கள் கௌதொகெய்னோ பெட்ரோல் பங்க்கில் கிடைத்தது. ஞானோதயமெல்லாம் இல்லை, சாஸேஜ் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நீலஸ், பனிவண்டிக்கு எண்ணெய் வாங்க வந்தவன். மேலே ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்ததும் நீலஸ்தான், அவனுடைய யோய்க், அவனையே பாடும் பாட்டு.

[எங்கள் ஊரில் ஒருவருக்குக் கட்டிய யோய்க் அவருக்கே சொந்தம், கட்டியவருக்கு இல்லை. சொல் குறைவு. அந்த ஆளின் நடையும் குணமும்தான் மெட்டு. இதற்கு மேல் விளக்க மாட்டேன். விளக்கித் தள்ள ஆஸ்லோவில் ஆட்கள் இருக்கிறார்கள்.]

2

எல்லையற்ற வெண்பனியில் கலைமான்கள்

சீ. அடித்துவிட்டேன்.

மறுபடியும் 2

நீலஸுக்கு இருபது வயதில் மான்பட்டியில் இடுப்பு முறிந்தது. மூன்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் நொண்டல் போகவில்லை. சித்தி மகள் ரிஸ்தென் அவனுக்கு ஒரு யோய்க் கட்டினாள். மெட்டு அவன் நடை மாதிரியே மூன்று எட்டு சீராகப் போகும், நான்காவதை இழுக்கும். கேட்டவர்கள், "அதோ நீலஸ் வர்றான்டா!" என்று சிரித்தார்கள். அந்த வருடம் அவனும் சிரித்தது அப்போது மட்டும்தான்.

இருபது வருடம் கழித்து ஸ்டியான் என்ற இசையமைப்பாளன் ஆஸ்லோவிலிருந்து மடிக்கணினியோடு வந்தான். ரிஸ்தெனின் குரலுக்கு அடியில் தடதடவென்று ஒரு தாளம் போட்டான். அந்த இழுப்பு ஆடுகிறவர்களுக்கு இடைஞ்சலாம், அதையும் நேராக்கிவிட்டான். மூன்று மருத்துவர்களால் ஆகாதது இரண்டு சொடுக்கில் ஆயிற்று, என்ன கைராசி! பாட்டுக்குத் தலைப்பு 'ஆதி மூச்சு'. நீலஸுக்கு வயது நாற்பத்தொன்று.

3

ஈஸ்டர் விழா, மதியம், மேடைக்குப் பின்னால் காப்பி அறை.

"அக்கா, உன் பாட்டுல என்னைக் காணோமே?" என்றான் நீலஸ்.

"ஊரே உன்னைத்தான்டா ஆடுது. பெருமைப்படுவியா, அதை விட்டுட்டு!" என்றாள் ரிஸ்தென்.

"அவன் வேற எவனோ. நேரா நடக்குறான். என் பொண்ணே அவனைத்தான் பாடுறா. நான் போனப்புறம் அவன்தான்க்கா மிஞ்சுவான்."

ஸ்டியான் ஆர்வமாக எழுந்தான். "அப்ப நீங்களே பாடிக் காட்டுங்கண்ணே, பதிவு பண்ணிக்கலாம்."

தன்னைத் தானே யோய்க் பாடுகிறவனை எங்கள் ஊர் சாகும்வரை தம்பட்டக்காரன் என்றுதான் கூப்பிடும். நீலஸுக்குக் காது சிவந்தது.

"இவன் சொல்றதை விடு. நீ பாடுக்கா. இன்னிக்கு, மேடையில, பழையபடி."

ரிஸ்தென் கண்ணை மூடினாள். மூன்று எட்டு வந்தது. நான்காவது நேராக விழுந்தது. மறுபடி பாடினாள், மறுபடியும் நேர். அவள் பூட்ஸ் தானாகவே அந்தப் பாழாய்ப்போன தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"வரமாட்டேங்குதுடா," என்றாள்.

[இங்கே முதலில் நீலஸுக்குப் பண்பாடு பற்றி ஒரு பக்கப் பேச்சு எழுதியிருந்தேன். எங்கும் தடுக்காமல் வழவழவென்று ஓடியது. வாசித்துப் பார்த்தால் அதுவும் ஸ்டியான் வேலைதான். நானும் நீலஸை நேராக்கியிருக்கிறேன். வெட்கக்கேடு. கிழித்துப் போட்டேன்.]

முடிவு அ: ஸ்டியான் திருந்துகிறான். (சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.)

முடிவு ஆ: ரிஸ்தென் மேடையில் அழ, வானில் வடதுருவ ஒளி. மதியம் மூன்று மணிக்கா? போங்கய்யா.

7

(நடுவில் இருந்தவை குப்பைக்கூடையில்.)

நீலஸ் குவளையை வைத்துவிட்டுப் பலகைத் தரையில் நடந்தான். சுவர்வரை போனான், திரும்பினான். ரிஸ்தென் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தாள். அவன் மறுபடி நடந்தான். இடுப்பு வலித்தது, நிற்கவில்லை. அவள் பூட்ஸ் தட்டுவதை நிறுத்தியது. வெளியே அவள் பெயரை அழைத்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

யோய்க்குக்கு முடிவு கிடையாது, போதும் என்ற இடத்தில் சட்டென்று நிற்கும். முடிவு வேண்டுமானால் ஸ்டியானிடம் கேளுங்கள், மெல்ல மெல்லக் குறைத்துக் கச்சிதமாக முடித்துத் தருவான். என்னிடம் கேட்டால், எழுந்திருங்கள். உங்கள் அறையில் மூன்று எட்டு சீராக வையுங்கள். நான்காவதை