பாலம்மாவின் வேலிக்கு அங்காலே

பாலம்மா கும்பிட்டால் நிம்மதி பக்கத்து வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. தொண்ணூறாம் ஆண்டு அவளுடைய மகன் மாரிமுத்துவை இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன பிறகுதான் இப்படியானது. கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து வந்து, கட்டுக்கரைக் குளத்து வயல்களில் கூலிக்கு நெல் அரிவு வெட்டியவள் அவள். மகன் போன நாளிலிருந்து காலையும் மாலையும் மாரியம்மன் கோயிலில் கிடந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லை. அவளுக்குக் கண் மூடவில்லை. வேலிக்கு அங்காலே சிவபாக்கியத்தின் வீட்டிலோ, ஷெல் விழுந்து ஓடு நொறுங்கிய நாளிலும் எல்லாரும் குறட்டை விட்டார்கள். சிவபாக்கியத்தின் புருசன் யோகராசாவுக்கு நெடுங்காலமாக இருந்த கைநடுக்கம் நின்றுபோனது. ஊர் இதைக் கொஞ்சம் கதைத்துவிட்டு வயலுக்குப் போனது.

தொண்ணூற்றைந்தில், சண்டை ஓய்ந்திருந்த மாதங்களில், அமிர்தநாயகம் என்றொரு டொக்டர் வந்தார். கோயிலுக்குப் போகிறவர்களின் மனம் மற்றவர்களுடையதைவிட ஆறுதலாக இருக்கிறதா என்று அளப்பது அவருடைய ஆராய்ச்சி. கிழமைக்கு எத்தனை தரம் கும்பிடுகிறீர்கள், விரதம் பிடிக்கிறீர்களா, நித்திரை வருகிறதா என்று வீடு வீடாகக் கேட்டு நாடியும் பிடித்துப் பார்த்தார். மற்ற வீடுகளில் கணக்கு ஒழுங்காகத்தான் வந்தது, கும்பிட்டவர்கள் கொஞ்சம் நன்றாகத் தூங்கினார்கள். பாலம்மாவின் வாசலில் அது குழம்பியது. ஊரிலேயே அதிகம் கும்பிட்டவளின் நாடி, துரத்தப்பட்டு ஓடிவந்தவளுடையதைப் போல அடித்தது. கோயில் பக்கமே போகாத யோகராசாவின் நாடி நல்ல நித்திரையில் கிடப்பவருடையதைப் போல இருந்தது. டொக்டர் திரும்பத் திரும்ப அளந்துவிட்டு, நேர்மையான மனிதராகையால், உள்ளதைச் சொன்னார்.

"அம்மா, நீங்கள் கும்பிடுற பலன் வேலிக்கு அங்காலை போகுது. கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கோ, உடம்பாவது தேறும்."

"நான் விட்டுட்டா அவனக் கேக்க யாரு சார் இருக்கா?" என்றாள் பாலம்மா.

பிறகு மகளைப் பார்த்தாள். அண்ணனை இறக்கியபோது அவன் மடியில் இருந்தவள் தெய்வானை. இப்போதும் இராணுவச் சப்பாத்துச் சத்தம் கேட்டால் பாயை நனைத்துவிடுவாள். அன்று பின்னேரம் பாலம்மா அந்தப் பாயைச் சுருட்டிக்கொண்டு, மகளோடு சிவபாக்கியத்தின் படலையில் போய் நின்றாள்.

"அக்கா, இவ இனிமே ஒங்க வீட்டுலயே படுக்கட்டும்."

"விட்டிட்டுப் போ பிள்ளை," என்றாள் சிவபாக்கியம், சிரித்த முகத்தோடு. அந்த வீட்டில் ஒருவருக்கும் அழுகை வருவதில்லை.

தெய்வானை அன்றே தூங்கினாள். கன்னத்தில் சதை வைத்தது. பிறகு சாப்பாடும் அங்கேயானது. சிவபாக்கியத்தை அம்மா என்றும், பெற்றவளை அங்காலை அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். இரண்டாயிரத்து எட்டில் ஊரே இடம்பெயர்ந்தபோது, சிவபாக்கியம் தன் தறப்பாள் கூரைக் கொட்டிலைப் பாலம்மாவினதை ஒட்டிப் போட்டாள். அவளுடைய மற்றப் பக்கத்து இடத்துக்குச் சனம் சண்டை பிடித்தது. பாலம்மாவின் கொட்டிலுக்குள் இருக்க ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர் கொண்டுவந்து வைத்த தெய்வானையிடம், "அண்ணன ஞாபகம் இருக்கா?" என்று பாலம்மா கேட்டாள்.

"ஓம், இருக்கு. இறங்கேக்க என்னைத் திரும்பிப் பாத்தவர்," என்றாள் தெய்வானை, சந்தையில் மீன் விலை சொல்வதைப் போல.

கூட அழ ஒருத்தி கிடைப்பாளா என்று பாலம்மா அந்த முகத்தையே பார்த்தாள். ஒரு சுருக்கமும் விழவில்லை. தெய்வானை குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கற்பூரம் இல்லாததால் பாலம்மா ஒரு சிரட்டைத் துண்டைக் கொளுத்தி வைத்து, மகன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள். பொழுது இன்னும் சாயவில்லை. இரண்டு பக்கத்துக் கொட்டில்களிலும் கொட்டாவி விடத் தொடங்கினார்கள்.