சுவருக்குத் தலை துவட்டிய கதை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. என் குரல் இப்போதெல்லாம் வாசல் வரைக்கும்தான் போகிறது. முன்பு தெருக்கோடி வரை போகும். அதனால்தான் எனக்கு இத்தனை விரோதிகள். ஒரு சுவரின் கதை சொல்கிறேன். கதையில் முட்டாள் யார் என்று தேடிக் கஷ்டப்படாதீர்கள். உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் வீடு சுண்ணாம்பில் கட்டிய பழைய வீடு. நானும் என் நாத்தனாரும் மட்டும்தான். ஆள் இரண்டு, சண்டைச் சத்தம் இருபது பேருக்கானது. அவள் அறைச் சுவர் ஓதம் பிடித்துக் கிடந்தது. எந்தக் காலத்திலோ யாரோ அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்ட்டும் அடித்துவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், தானாகவே வெளியே விடும். வாயையும் மூக்கையும் பொத்திவிட்டால் ஈரம் எங்கே போகும்? பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நாத்தனாருக்கு இருமல் நின்றபாடில்லை.

அவள் மகன், எனக்கு மருமகன் முறை, வந்து பார்த்தான்.

"இது சரிப்படாது அத்தை. அடுத்த மாசம் வருவேன். அப்பவும் சுவர் ஈரமா இருந்துச்சுன்னா, அம்மாவை என் ஃப்ளாட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

"தாராளமா கூட்டிட்டுப் போப்பா. என் காதுக்கும் ஓய்வு கிடைக்கும்" என்றேன்.

"நானும் எப்போ எப்போன்னுதான் இருக்கேன்" என்றாள் அவள்.

அவன் போன பிறகு சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்துவைத்துக்கொண்டு, எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் நின்றேன். அவள் அன்று சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை.

மறுநாளே சுண்ணாம்பு மேஸ்திரியை வரவழைத்தேன். கை நல்ல கை. வாய் அதைவிட நீளம். சிமெண்டைக் கொத்தி எடுத்து, உள்ளே இருந்த செங்கல்லைச் சில வாரம் ஆறவிட்டு, சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசினார். முன்னால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்.

"ரெண்டு அம்மாவும் கேட்டுக்கோங்க. காலையும் சாயங்காலமும் தண்ணி தெளிக்கணும். வெயில் படக்கூடாது, காத்து அடிக்கக்கூடாது."

"காயணும்னுதானேய்யா இத்தனை பாடு?" என்றேன்.

"காயறது வேற, இறுகறது வேறம்மா. அவசரப்பட்டுக் காயவெச்சீங்க, விரிசல் விட்டுப் போயிடும்."

நான் பெரிய தலையாட்டலாக ஆட்டினேன். அது என் காதுக்குத் தெரியாமலே தலை செய்கிற வேலை.

மாசம் பிறந்ததும், ஞாயிற்றுக்கிழமை வருவதாக மருமகன் போன் செய்தான். ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டேன், கை சில்லிட்டது. மேஸ்திரி சொன்ன சாஸ்திரமெல்லாம் பறந்துவிட்டது. மத்தியானம் நாத்தனார் கூடத்தில் கண்ணயர்ந்ததும், சாக்கை விலக்கிவிட்டு டேபிள் ஃபேனைச் சுவருக்கு நேராக வைத்தேன். காய்ச்சல்காரனுக்குத் துணையிருப்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் புரளும் சத்தம் கேட்டால் ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். இந்த முழங்காலோடு ஓடினேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், சரி, நகர்ந்தேன். தினமும் இதே கூத்து.

ஞாயிறு காலை குளிக்கப் போனவள், துண்டை மறந்து பாதி வழியில் திரும்பினேன். அறைக்குள் உஸ்ஸென்று ஏதோ இரைந்தது. எட்டிப் பார்த்தால், நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து ஹேர் டிரையரைச் சுவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி பண்றே?"

"சுவருக்குத் தலை துவட்டறேன். நீங்க மட்டும் என்னவாம் அண்ணி? மத்தியானமானா ஃபேனைத் தூக்கிட்டு அலையறீங்க. நான் தூங்கறேன்னு நெனச்சீங்களோ?"

அப்போதுதான் இருவரும் சுவரை ஒழுங்காகப் பார்த்தோம். மேலிருந்து கீழ்வரை சிலந்தி வலைபோல விரிசல்.

போன் போட்டதும் மேஸ்திரி வந்துவிட்டார். பார்த்தார். "யார் வேலை இது?"

"நான்தான்" என்றோம் இருவரும் ஒரே வாயாக. நாங்கள் ஒத்துப்போன ஒரே சந்தர்ப்பம் அதுதான். அதற்கும் சாட்சியாக, பின்னாலேயே மருமகன் வந்து நின்றான்.

"என்ன அத்தை, ஈரமும் இருக்கு, விரிசலும் இருக்கு?"

ஊருக்கெல்லாம் கதை அளக்கிற வாய் இது. அன்று ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை. "உங்கம்மா போகக்கூடாதுப்பா. அதான் காயவெச்சேன்" என்றேன்.

நாத்தனார் டிரையரை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். "எனக்கும் போக வேணாம்டா."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீ கேக்கலையே. கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்னே?" என்றாள் அவள்.

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். "குடும்ப விவகாரம் முடிஞ்சா சொல்லுங்க. பூச்சு இன்னும் பச்சையாத்தான் இருக்கு. தண்ணி தெளிச்சு மரக்கட்டையால அழுத்தித் தேய்ச்சா விரிசல் மூடிடும். ஆனா தம்பி, இந்த ரெண்டு பேரையும் உள்ள விடாதீங்க."

மருமகன் தீர்ப்புச் சொன்னான். அம்மா இங்கேயே இருக்கலாம். ஆனால் சுவர் இறுகும்வரை என் அறையில்தான் படுக்க வேண்டும். சாக்கு நனைப்பது மேஸ்திரி பொறுப்பு. ஃபேனையும் டிரையரையும் பறிமுதல் செய்து காரில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சுவர் இறுகிவிட்டது. மேலே வெள்ளையும் அடித்தாயிற்று. இருமல் அடங்கிவிட்டது, குறட்டை அடங்கவில்லை. நான் தூக்கத்தில் கதை சொல்கிறேனாம், அதுவும் முடிவில்லாமல். தினமும் காலையில் புகார் வாசிக்கிறாள். அவள் அறை தயாராகி எத்தனையோ நாள் ஆகிறது. தலையணையை எடுத்துக்கொண்டு போக அவளுக்கு நினைவில்லை. நினைவூட்ட எனக்கு நேரமில்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவர்கள் நன்றாக மூச்சு விடட்டும். உள்ளே இருக்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். சண்டை போடக்கூட ஆளில்லாத நாள் உங்களில் ஒருவருக்கும் வராமல் இருக்கட்டும்.