மூன்று நாள் பதிவு

கோடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு மருதாசலம் உட்கார்ந்தே இருந்தார். மணி பதினொன்றரை. ஒன்றரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று வாசலில் பங்காளிகள் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் ஒரு பெண்ணின் உடலை வாசல் தாண்ட விடமாட்டார்கள். மருதாசலத்துக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுந்திருக்காமல் இருந்தார்.

"என்னங்க மாமா, போட்டர்லாமுங்களா?" என்று மதியழகன் வந்து நின்றான். செத்தவளின் மகள் மைதிலிக்குப் பெரியப்பா மகன். பெற்ற மகன் ஊரில் இல்லாததால் கொள்ளி வைக்கப்போகிறவன் அவன்தான்.

"இரு மாப்ள. எம்பட பொறந்தவ எப்படிச் செத்தாங்கறது எனக்குத் தெரியோணும். தெரியாம இதப் போட்டுட்டு நான் ஊட்டுக்குப் போயி என்ன பதில் சொல்றது?"

பேச்சு மதியழகனிடம், பார்வை மைதிலியிடம். அவள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இதே கேள்விக்கு நாலு தடவை பதில் சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது தடவையும் சொன்னாள்.

"நாலரைக்குத் தண்ணி கேட்டாங்க மாமா. குடுத்தனுங்க. தலைய மடில வெச்சுக்கச் சொன்னாங்க. அஞ்சு மணிக்கு மூச்சு அடங்கிருச்சுங்க."

"நீ சொல்ற புள்ள. பாத்தது ஆரு?" என்றாள் சாரதாமணி. செத்துப்போன கமலவேணியின் தங்கை. அக்காள் இடுப்பெலும்பு முறிந்து படுத்த நாலு வருஷத்தில் மூன்று தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனவள். இன்றைக்கு அழுகையில் யாரும் அவளை மிஞ்ச முடியவில்லை.

பார்ப்பதற்கென்றே கௌதமன் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தான். அவன் மைதிலிக்குத் தம்பி, இருப்பது அமெரிக்காவில். அம்மா விழுந்தபோது இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேமராவை அனுப்பினான். கூடத்துக்குக் கட்டிலை மாற்றிப்போட்டு, காலண்டருக்கு மேலே அதை மாட்டினார்கள். கோலிக்குண்டு அளவுக்குக் கண், அது அங்குமிங்கும் திரும்பும், யார் நடந்தாலும் கூடவே வரும். அங்கிருந்தபடியே இந்தக் கூடத்தைக் கௌதமன் பார்த்துக்கொண்டிருப்பான். மைதிலிக்கு அதற்குள் எட்டிப்பார்க்க வழி கிடையாது. பார்ப்பவன் அவன், பார்க்கப்படுகிறவள் இவள்.

போன் வந்தால் மூன்று கேள்விதான். மாத்திரை குடுத்தயா? கதவு எதுக்குத் தொறந்து கெடக்குது? அந்த ஆளு ஆரு? அந்த ஆள் கேஸ் சிலிண்டர் போட வந்தவனாக இருப்பான்.

ராசிபுரத்தில் பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் மைதிலி. புருஷன் லாரியோடு போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான். ஆனால் கமலவேணி கேமரா முன்னால் வேறு ஒரு மனுஷி. "கௌதமு, காப்பி தண்ணியாட்டம் இருக்குது சாமி" என்று காலண்டரைப் பார்த்துச் சொல்வாள். "கூப்பிட்டாக் கூப்பிட்ட கொரலுக்கு வர மாட்டீங்கறா" என்பாள். ஐந்து நிமிஷத்தில் அங்கிருந்து போன் வந்துவிடும். பெற்றவளே இப்படிப் போட்டுக் கொடுக்கிறாளே என்று மைதிலிக்கு வயிறு எரியும். எரிந்து என்ன செய்வது, அடுத்த வேளைக்கும் காப்பி போடத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் இடி இடித்து நெட் படுத்துவிட்டது. கேபிள்காரன் பிரபாகர், பங்காளி வகையில் தம்பி முறை, போனிலேயே வழி சொன்னான். மோடத்துக்குப் பின்னால் சின்ன ஓட்டை இருக்கும், அதற்குள் ஊக்கை விட்டுப் பத்து எண்ணும் வரை அழுத்த வேண்டும் என்றான். அழுத்தினாள். எல்லா விளக்கும் அணைந்து திரும்ப எரிந்தன. நெட் வந்துவிட்டது, ஆனால் வீட்டில் உள்ள எதற்கும் அதைத் தெரியவில்லை. பேரும் பாஸ்வேர்டும் புதுசு. ஒவ்வொன்றாக உட்கார்ந்து சேர்க்க வேண்டியிருந்தது. போனைச் சேர்த்தாள். டிவிக்கு ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்கினாள், ஒன்று தப்பி மறுபடியும் முதலிலிருந்து அமுக்கினாள். தோட்டத்து மோட்டாரைப் போனில் ஓடவிடும் டப்பாவைச் சேர்த்தாள். மிஞ்சியது கேமரா. அதற்குக் கௌதமன் அங்கே புதுப் பாஸ்வேர்டைப் போட்டு ஒரு கட்டம் போட்ட படம் அனுப்ப வேண்டும், இவள் ஸ்டூலில் ஏறி அதைக் கேமராவின் கண்ணுக்கு நேராகக் காட்ட வேண்டும். படம் வந்துவிட்டது. இவளும் ஏறிவிட்டாள்.

"எறங்கு சாமி" என்றாள் கமலவேணி கட்டிலில் இருந்து. "அது ரெண்டு நாளைக்குக் குருடாவே கெடக்கட்டும்."

கேமராவில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி எரிந்தது. நெட் இல்லையென்றால் அதற்குக் கண் தெரியாது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

மூன்று நாள் கௌதமன் படத்துக்கு மேல் படமாக அனுப்பினான். எடுக்க மாட்டேங்குது என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த மூன்று நாளும் கமலவேணிக்கு வாய் திறந்துகொண்டது. மிளகாய் பஜ்ஜி கேட்டாள், சர்க்கரை போட்டுக் காப்பி கேட்டாள். புதன்கிழமை சாயங்காலம் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே ஆரம்பித்தாள்.

"நான் மகனப் பெத்தனா, வாட்ச்மேனப் பெத்தனா? நாலு வருசத்துல ஒரு நாளு, அம்மா வலிக்குதான்னு கேட்டிருப்பானா? நான் செத்தா அவன் வர வேண்டாம். அங்கிருந்து அழுகவும் வேண்டாம். நீ ஊத்துன தண்ணி எனக்குப் போதும்."

மைதிலி சீப்பை நிறுத்தவில்லை.

"உன்னையப் பத்தி அவங்கிட்ட அத்தனையும் பொய்யாத்தான் சாமி சொன்னேன். கொற சொன்னாத்தான் அவன் போன் பண்ணுவான். நல்லா இருக்கேன்னு சொன்னா எதுக்குப் பண்ணப்போறான்? அவங் கொரலக் கேக்கறதுக்காக உன்ற தலைல மண்ணப் போட்டேன்."

ரொம்பக் காலமாக மைதிலி காத்திருந்த வார்த்தை அது. வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் சடையைப் பின்னி முடித்தாள். விடிகாலையில் அம்மா போய்விட்டாள்.

இப்போது மருதாசலத்தின் கையில் இருந்த போனில் கௌதமனின் குரல் ஊருக்கே கேட்கும்படி வந்துகொண்டிருந்தது.

"கேமரா மூணு நாளா ஆஃப் மாமா. மூணாவது நாளு அம்மா இல்ல. எதுக்கு ஆஃப் பண்ணி வெச்சான்னு கேளுங்க. ஒரு படத்த எடுத்துக் காட்டறதுக்கு மூணு நாளு ஆகுமா?"

யாரோ சொல்லி அனுப்பிப் பிரபாகர் பையோடு வந்திருந்தான். ஸ்டூலைப் போட்டு ஏறிக் கேமராவைத் தடவிப் பார்த்துவிட்டு, போனில் இருந்த கௌதமனிடம் சொன்னான்.

"இப்பவே கனெக்ட் பண்ணிரலாமுங்ணா. உள்ள கார்டு இருக்குது. நெட்டு இல்லாட்டியும் இது பாட்டுக்கு ரெக்கார்டு ஆயிட்டேதான் இருக்கும். மூணு நாளும் இருக்கும். கனெக்ட் ஆச்சுன்னா நீங்க அங்கிருந்தே ஓட்டிப் பாத்துக்கலாம்."

"அப்ப நல்லதாப் போச்சு. பாத்தரலாம்" என்றது போன்.

அம்மா சொன்னது அப்படியே இருக்கிறது, இன்னொரு தடவை கேட்கலாம் என்பதுதான் மைதிலிக்கு முதலில் தோன்றியது. அதைக் கௌதமனும் கேட்பான் என்பது அப்புறம்தான் உறைத்தது. செத்த தாய் வர வேண்டாம் என்று சொன்னதைக் காதால் கேட்டுவிட்டு ஒருத்தன் அந்நிய தேசத்தில் தனியாக எப்படி இருப்பான்? எழுந்து போய் மாமாவிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு புழக்கடைக்குப் போனாள்.

"கௌதமு, அம்மா மொகத்தப் பாரு. எடுக்கறதப் பாரு. பழசப் பாக்காத சாமி."

"ஏன்?"

"வேண்டாங்கறேன். நீ தாங்க மாட்ட."

"நான் தாங்க மாட்டனா, நீ மாட்டிக்குவயா? பயமா இருக்குதா அக்கா?"

நல்லது செய்ய வந்தவளின் வாயில் மண் விழுந்தது. கேட்கட்டும், கேட்டுக் கிழியட்டும் என்று அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பாதி தவித்துக்கொண்டிருந்தது நிஜம். இதுவரை அதைப் பிடித்து வைத்திருந்தாள், இப்போது விட்டுவிட்டாள்.

"படத்த அனுப்பு" என்றாள்.

போனை மாமாவிடம் கொடுத்துவிட்டு அவளே ஸ்டூலில் ஏறினாள். தன் போனில் வந்த கட்டத்தைக் கேமராவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். இணைப்பு வெற்றி என்று இங்கிலீஷில் ஒரு பெண்குரல் அறிவித்தது. இழவு வீட்டில் அப்படி ஒரு குதூகலமான குரலைக் கேட்டு அழுதுகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சிவப்பு போய் நீல விளக்கு நிலைத்தது. கண் மெதுவாகத் திரும்பி, கமலவேணியின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டிருந்த போன் அப்புறம் அடிக்கவில்லை. மணி பன்னிரண்டு, பன்னிரண்டேகால். மதியழகன் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தான். மருதாசலம் சேலையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். இப்போது எங்கே பார்த்துக்கொண்டிருப்பான் என்று மைதிலி கணக்குப் போட்டாள். பஜ்ஜியைத் தாண்டியிருப்பான். தலை வாரும் இடத்துக்கு வந்திருப்பான். விடிகாலை நாலரைக்கு வந்திருப்பான்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. மருதாசலம் எடுத்தார்.

"மாமா, கோடியப் போட்ருங்க."

"என்ன சாமி பாத்த?"

ஊருக்கே கேட்ட குரல் இப்போது இறங்கியிருந்தது.

"ஒண்ணும் பதிவாகல மாமா. கார்டு கெட்டுப்போயிருக்குது. நடந்தது நடந்துபோச்சு. அக்காவ ஆரும் ஒண்ணும் கேக்க வேண்டாம். உட்ருங்க."

கேட்டுவிட்டான் என்று மைதிலிக்கு அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவள் தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட ஒரு வார்த்தை கைவசம் இருந்தும், அதை விழுங்கிவிட்டான். அந்த வார்த்தையை வெளியே எடுத்தால் கூடவே அவனைப் பற்றி அம்மா சொன்னதும் வந்துவிடுமே.

சாரதாமணி பக்கத்துப் பெண்ணின் காதில் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. "பாத்திருப்பான்டி. பாத்துட்டுத்தான் கூடப் பொறந்தவளக் காட்டிக் குடுக்கக்கூடாதுன்னு மறைக்கறான். எந் தங்கம், என்ன மனசு பாரு அவனுக்கு."

ஆமாம் ஆமாம் என்று நாலு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மருதாசலம் எழுந்து சேலையை விரித்துத் தங்கையின் மேல் போர்த்தினார். மைதிலி ஒரு முனையைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவர் அந்த முனையைச் சாரதாமணியிடம் கொடுத்தார்.

அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். கார்டு இதோ தலைக்கு மேலேதான் இருக்கிறது, எடுத்துப் போட்டுக் காட்டுங்கள் என்று கத்தியிருக்கலாம். பிணத்தை வைத்துக்கொண்டு கத்த வேண்டாம், எல்லாரும் சுடுகாட்டுக்குப் போய் வரட்டும், அப்புறம் மாமா ஒருத்தரிடம் மட்டும் காட்டினால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒன்றேகாலுக்கு எடுத்தார்கள். பறைச் சத்தம் தெருமுனை திரும்பியதும், பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிரபாகரைக் கூப்பிட்டாள்.

"சித்த இரு. அந்தக் கார்ட எடுத்து உன்ற லேப்டாப்புல போடு."

"கெட்டுப்போச்சுன்னு அண்ணன் சொன்னாருங்களேக்கா?"

"நீ போடு சாமி."

அவன் போட்டான். எதையோ தட்டினான், இன்னொன்றைத் தட்டினான். பிறகு அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

"கார்டு நல்லாத்தானுங்க்கா இருக்குது. அங்கிருந்தே ஃபார்மேட் அடிச்சிருக்காங்க. பன்னெண்டு நாப்பத்தி ரெண்டுக்கு மேலதான் இருக்குது. அதுக்கு முந்தி சுத்தமா ஒண்ணுமில்ல."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"இனி இது மேலயே புதுசா ஏறிட்டு இருக்குதுங்க. செரமம்."

திரையில் மருதாசலம் கோடி போர்த்திக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒருத்தி கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டாள். மைதிலி அதைக் கடைசிவரை பார்த்தாள். அம்மாவின் குரல் இனி அவள் காதுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதை யாரும் நம்பப் போவதில்லை. இன்னும் பத்து வருஷம் போனால் அவளுக்கே சந்தேகம் வந்தாலும் வரும்.

"மாட்டிரட்டுங்களா? இல்ல, கழட்டி வெச்சர்றதுங்களா?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்கற? வாங்கி அனுப்புனவங்கிட்டக் கேளு."

பிரபாகர் கார்டை இருந்த இடத்திலேயே சொருகிவிட்டு, ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பிணத்தின் பின்னால் போனவர்களைப் பிடிக்க ஓடினான்.

வீடு கழுவ வேண்டும். பெண்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியும் உள்ளே வரவில்லை. மைதிலி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். குடத்துத் தண்ணீரைக் கட்டில் கிடந்த இடத்தில் கொட்டி, தென்னந்துடைப்பத்தால் வாசல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். அவள் போகப் போகத் தலைக்கு மேலே கேமராவின் கழுத்து மெல்லிய சத்தத்தோடு கூடவே திரும்பியது. அது தானாகத் திரும்புகிறதா, அங்கிருந்து யாராவது திருப்புகிறார்களா என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு குடம் எடுத்துவர உள்ளே போனாள்.