அத்தை வெட்டிய கண்கள்

இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். எந்தப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னாலும் வைப்பேன். கைக்கெட்டும் தூரத்தில் டெலிபோன் டைரக்டரிதான் இருக்கிறது, அதன்மேல் வைத்திருக்கிறேன்.

மகள் இறந்து கிடந்த அப்பாவின் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஒரு துணிக்கிளிப்பை மாட்டினாள். சட்டை பழைய அளவிலேயே இருந்தது. உள்ளே இருந்தவர்தான் சிறுத்துப்போயிருந்தார். இரவல் கோட்டோடு படமெடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்குப் போட்டோக்காரரான அவர் இப்படித்தான் முதுகில் கிளிப் போட்டு இழுத்துவிடுவார். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அவரும் இப்போது அப்படித்தான் இருந்தார்.

மாடிப்படி ஒடுக்கம் என்பதால் கீழே ஸ்டூடியோவிலேயே கிடத்தியிருந்தார்கள். பின்னால் அருவி வரைந்த திரை. அதைச் சுருட்டிவிடலாம் என்று பார்த்தார்கள். கம்பி துருவேறிச் சுற்ற மறுத்துவிட்டது. ஆகவே அருவிக்கரையில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் போலக் கிடந்தார்.

ஊரில் அவருக்கு 'அசையாதே' என்று பெயர். குழந்தை பிறந்தாலும், நூலகம் திறந்தாலும், கால்பந்து டீம் தோற்றாலும் கறுப்புத் துணி போர்த்திய கேமராவும் முக்காலியுமாக வந்து நின்று அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார். முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பைப் படமெடுக்க அதையே சொல்லிவிட்டுத் துணிக்குள் தலையை விட்டார், வெளியே எடுக்கவில்லை. பிள்ளைகள் இருபது நிமிடம் அசையாமல் நின்றார்கள். டீச்சரும் நின்றார். கடைசியில் மதிய மணி அடித்ததால்தான் விஷயம் தெரிந்தது.

மகள் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அழவில்லை. அழுகை வழியில் ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிட்டது போலிருந்தது. வந்ததிலிருந்து டிராயர்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அம்மா போட்டோ ஒண்ணுகூடவா இல்ல?"

அத்தை, அப்பாவின் தங்கை. நாற்பது வருடமாக அண்ணன் எடுத்த படங்களுக்கு பிரஷ்ஷால் பரு அழித்து, நரை மறைத்து வந்தவள். தூங்கும்போதுகூடப் பூதக்கண்ணாடியைக் கழுத்தை விட்டுக் கழற்றமாட்டாள்.

"மேல்தட்டுல பாத்தியா?"

"பாத்தாச்சு. கீழ்த்தட்டு, இருட்டறை, பரண் எல்லாம் பாத்தாச்சு. ஊர்ல இருக்கற அத்தனை பேரும் இருக்காங்க. அம்மா மட்டும் இல்ல."

"பூச்சி அரிச்சிருக்கும்."

"அப்பாவும் இதையேதான் சொல்லிட்டிருந்தாரு. பூச்சிக்கு வேற யார் முகமுமா பிடிக்கல?"

அத்தை மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள்.

அம்மா இறந்துபோனபோது மகளுக்கு இரண்டரை வயது. முகம் நினைவில் இல்லை. நாளைக்குள் கடையைக் காலி செய்து கட்டடக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இன்றைக்குக் கிடைக்காத முகம் இனிக் கிடைக்கப் போவதில்லை.

பத்து மணிக்கு ஊர் வர ஆரம்பித்தது. யாரும் சொல்லிவைக்கவில்லை, ஆனால் ஒவ்வொருவரும் வீட்டுச் சுவரிலிருந்து அவர் எடுத்த படத்தைக் கழற்றி, துடைத்து, கொண்டுவந்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றார்கள். அந்த அறையில் அவர் முன்னால் எப்படி நிற்பது என்பதுதான் அவர்களுக்குத் தெரியுமே. உயரமானவர்கள் பின்னால், குள்ளமானவர்கள் நடுவில், முன்வரிசை முட்டிபோட்டு, மோவாயைக் கொஞ்சம் தூக்கி. மூன்று வரிசை. நடுவில் யாரோ தும்மப்போய் அடக்கிக்கொண்டார்.

"நம்மள எல்லாம் அசையாதே அசையாதேன்னு வெரட்டுவாரு. இன்னிக்கு அவரே…" என்று ஆரம்பித்த பேக்கரிக்காரரை மனைவி விலாவில் இடித்தாள்.

"என்னடி, உள்ளதத்தானே சொல்றேன்."

"சொல்லாதீங்க."

மகள் இடம் விடுவதற்காகச் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்தாள். எதிரே தீயணைப்பு நிலையத் தலைவரின் படம். மீசை ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் சுருண்டிருந்தது. மீசைக்கு மேலே ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துப் படத்தில் மருத்துவச்சி. அதே பார்வை. இடது கண் ஒரு நூல் சின்னது. கருவிழியில் ஜன்னல் வெளிச்சம் ஒரு சதுரம். அதற்கடுத்து அச்சாபீஸ்காரர், நீச்சல் வாத்தியார், கல்யாணக் கோலத்தில் ஒரு மாப்பிள்ளை. எல்லோருக்கும் இடது கண் ஒரு நூல் சின்னது. எண்ணினாள். நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

"அத்தை, இங்க வாங்க. இது யாரு?"

"தீயணைப்புக்காரரு."

"கண்ணு?"

அத்தை பூதக்கண்ணாடியைத் தூக்கினாள். அப்புறம் பார்க்காமலே இறக்கிவிட்டாள்.

"உங்கம்மா."

வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாள். "வெளிச்சம் சரியா விழுதான்னு பாக்க அண்ணியத்தான் உக்கார வெப்பாரு. மணிக்கணக்கா இமைக்காம இருப்பாங்க. அப்படிச் சேந்தது எத்தனையோ படம். இந்த ஊர்க்காரங்களுக்கோ விளக்கு பளிச்சுன்னா கண்ணு மூடிக்கும். அண்ணி கண்ண வெட்டி ஒட்டுவேன், ஓரத்த பிரஷ்ஷால மறைப்பேன், உங்கப்பா அதைத் திரும்பப் படமெடுப்பாரு. பிஸ்கட் டப்பால நாலு அளவுல வெட்டி வெச்சிருந்தோம்."

"அம்மா போனதுக்கப்புறமுமா?"

"அப்புறந்தான் ஜாஸ்தி."

"மூக்கு?"

"கோல்கீப்பருக்கு. பந்து பட்டு ஒடைஞ்சிருந்துச்சு."

"வாய்?"

"தலைமையாசிரியரு. சிரிக்கவே மாட்டேன்னுட்டாரு மனுஷன்."

"ஒரு முழுப் படம் வெச்சிருக்கக் கூடாதா, அத்தை?"

"நானும் கேட்டேன். இப்படிப் பிரிச்சு ஒட்டிட்டா எந்த வீட்டுக்குள்ள போனாலும் இருப்பாளேன்னாரு. அதுக்கப்புறம் நான் கேக்கல."

மகள் மூன்று படங்களையும் எடுத்துவந்து தரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக வைத்தாள். மீசையை ஒரு கையாலும் கோல்கீப்பரின் நெற்றியை மறு கையாலும் மறைத்தாள். தலைமையாசிரியருக்குக் கை போதவில்லை. அத்தை தன் இரண்டு கையையும் கொடுத்தாள். நான்கு உள்ளங்கைகளுக்கு நடுவே கண் பெரிதாகவும் மூக்கு சின்னதாகவும் வாய் ஒதுங்கியும் தெரிந்தன. முகம் சேரவில்லை. இரண்டு பேரும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார்கள்.

வண்டி வந்தது. வரிசை கலைந்தது. அப்பாவை ஏற்றினார்கள். வந்தவர்கள் அவரவர் படத்தைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் மாற்றி எடுத்துப்போய்த் திரும்பி வந்தார்கள்.

தீயணைப்புத் தலைவருக்கு இப்போது மீசையில்லை, முதுகும் வளைந்துவிட்டது. சைக்கிளில் வந்திருந்தார்.

"மாமா, இந்தப் படத்தை எனக்குக் குடுக்கறீங்களா?"

"இதையா? எதுக்கும்மா?"

அவள் மீசைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரிக்கு இப்பல்லாம் ஆள் அடையாளம் தெரியறதில்ல," என்றார். "காபி குடுத்தா, நீ யாருப்பாங்கறா. இந்தப் படத்தப் பாத்தா மட்டும் சிரிக்கறா. அதோட பேசறா." கொஞ்சம் யோசித்தார். "ஆனா இன்னிக்கு நீ கேட்டு நான் இல்லைன்னு சொல்லக்கூடாது. எடுத்துக்கோ."

நீட்டினார். அவளும் பிடித்தாள். அவர் விரல்கள் சட்டத்தை விடவில்லை. விடாதது அவருக்குத் தெரிந்த மாதிரியும் இல்லை.

"வேணாம் மாமா. சும்மாதான் கேட்டேன்."

வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு டிரைவர் காத்திருந்தார். அவள் உள்ளே போய்ச் சணல்கயிறு எடுத்துவந்தாள். சைக்கிள் கேரியரில் படத்தை நிமிர்த்தி வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். திருப்தியில்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"மெதுவாப் போங்க மாமா."

படம் இந்தப் பக்கம் பார்த்தபடி இருக்க, சைக்கிள் தெருமுனைவரை மெதுவாகத்தான் போனது.

டைரக்டரியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொல்கிறேன்: அந்தப் போட்டோக்காரர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை, அவருக்கு மகளும் கிடையாது.