வாரத்தில் ஒரு மணி நேரம்

"சும்மா இருந்து பேசுறதுக்கு முன்னூறு ரூவாயா?" கடலிலிருந்து வந்த ததேயுஸ் சட்டையைக்கூட மாற்றாமல் கேட்டார்.

மனைவி விக்டோரியா அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்தாள். எல்லாம் ஆஸ்பத்திரி ரசீதுகள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் மகள் லிஜா மூன்று முறை உயிரை விடப் பார்த்திருந்தாள்.

"இதுக்கு ஒண்ணரை லட்சம் போச்சு. பிள்ளைக்குச் சொகமாவல. அந்த டீச்சர்கிட்ட வருசம் முழுக்கப் போனாலும் பதினாறாயிரம் வராது." மீன் ஏலத்தில் நிற்கிறவளின் மனக்கணக்கு அது. ததேயுஸ் ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

டீச்சர் என்று அவள் சொன்னது நாகர்கோவிலில் மனநல ஆலோசகராக இருந்த நேசபாயை. பார்டர்லைன் என்று நோய்க்குப் பெயர் சொன்னவள் அவள்தான். மற்றவர்களுக்குச் சிராய்ப்பாகப் படுவது லிஜாவுக்குத் தீக்காயமாக எரியும், நடிப்பென்று நினைக்காதீர்கள் என்றாள். வியாழக்கிழமைகளில் விக்டோரியா சந்தையை விட்டுவிட்டு மகளோடு பஸ் ஏறினாள்.

ஐந்தாவது மாதம், உயிர்த் தோழி ரெஜிஷா தன் கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டது தெரிந்து லிஜா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முன்பென்றால் விக்டோரியா கதவை உடைத்திருப்பாள். இப்போது, "மக்கா, நான் இங்கதான் நிக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றாள். கதவு திறந்தது. லிஜா நேராக முற்றத்துக்குப் போய் மீன்பெட்டி ஐசுக்குள் ஒரு கையைப் புதைத்தாள். உயிரை விடத் தோன்றினால் அப்படிச் செய்யவும், வேதனை பத்துக்கு எத்தனை என்று போனில் சொல்லவும் டீச்சர் பழக்கியிருந்தாள். மறு கையில் போன்.

"பத்துல ஒம்பது இருந்துச்சு டீச்சர்..." பற்கள் அடித்துக்கொண்டன. வெகுநேரம் கழித்து, "இப்ப ஏழு" என்றாள்.

புயலில் சிக்கித் திரும்பிய ஆண்களை விக்டோரியா கண்டிருக்கிறாள். ஒன்பதிலிருந்து ஏழுக்கு வந்து சேர்ந்த இவளைப் போல ஒருத்தரைக் கண்டதில்லை.

அடுத்த வருடம் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறைதான் போனார்கள். மறுநாளே லிஜா வீடு வந்தாள்.

சண்டைகள் நிற்கவில்லை. ஒரு மத்தியானம், "நீ எனக்க அம்மையே இல்ல" என்று கத்திவிட்டுக் கடற்கரைக்கு இறங்கிப் போனாள். அரை மணி நேரம் கழித்து, கால் நிறைய மணலோடு வந்து நின்றாள்.

"எனக்க கோவம் இன்னும் போவல. பசிக்கிது, சோறு வை."

அழுதுகொண்டே சாப்பிட்டாள். விக்டோரியா சாளை மீனில் முள் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். லிஜா நிமிர்ந்து பார்க்காமலே தட்டை அம்மாவின் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.