மெல்லிய சுரங்களுக்கு வைத்த கேற்

“குறை நினையாதை, பிள்ளை. நடுவில உன்ர கை நிண்டுபோகுது,” என்றார் வீரகத்தி மாஸ்ரர், ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தபடி.

கிளிநொச்சியில் குகதாசன் நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர் அன்று வந்ததே அருந்ததியின் கிற்றார்ப் பதிவைக் கேட்கத்தான். போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்து இரண்டு வருடங்களாகியிருந்தன. அவருடைய இசைக்குழு ஆவணியில் யாழ்ப்பாணத்துக் கோவில் திருவிழாக்களுக்குப் புறப்பட இருந்தது. கிற்றாருக்கு ஓர் ஆள் போதும். அது அருந்ததியா, நடராசாவா என்பதே கேள்வி.

“நான் முந்தியே சொன்னனான், மாஸ்ரர். குசினிக்குள்ள வாசிக்கிறதும் மேடையும் ஒண்டே?” என்று சிரித்தான் குகதாசன். அருந்ததியின் கணவன் அவன்.

ஷெல் துண்டு பட்ட நாள் முதல் அவளுடைய வலது பெருவிரலில் பலம் குறைவு. ஆகையால் மெல்லத்தான் மீட்டுவாள். ஆனால் மெல்ல மீட்டுவது வேறு, நின்றுபோவது வேறு. தன் கை எங்கும் நிற்கவில்லை என்பது அவளுக்குத் திண்ணம்.

மாஸ்ரர் வெற்றிலை போட வெளியே போனதும் அவள் கொம்பியூட்டரின் முன் அமர்ந்தாள். அந்தக் கூடத்தில் எந்தப் பதிவிலும் ஜெனரேற்றர் இரைச்சல் புகுந்துவிடும். அதற்காகவே நொய்ஸ் கேற் என்னும் ஒலிக்கதவைப் போடுவார்கள். ஒலி குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் அது வழியை அடைத்துவிடும். இரைச்சல் வெளியே நின்றுவிடும். அந்த அளவை வைப்பதும், பிறகு கொம்பிரசரால் உரத்ததையும் மெல்லியதையும் சமப்படுத்துவதும் அவளுடைய வேலை. இந்தப் பதிவை மட்டும், “உன்ர வாசிப்பை நீயே திருத்தினால் வடிவில்லை,” என்று குகதாசன் தானே இருந்து முடித்திருந்தான்.

தொடக்கத்தில் கேற் உச்சத்திலிருந்து ஐம்பது டெசிபல் கீழே இருந்தது. மெல்லிய பகுதி வந்த இருபது செக்கன்களுக்கு மட்டும் இருபது டெசிபலுக்கு ஏறியிருந்தது; மெல்லிய சுரங்களும் அடைபட்டுப்போகும் அளவு அது. பகுதி முடிந்ததும் மறுபடி ஐம்பது. கொம்பிரசரும் அந்த இடத்தில் மட்டும் அணைக்கப்பட்டிருந்தது.

“இஞ்சருங்கோ, இது ஜெனரேற்றரை நிப்பாட்டிப்போட்டு லொறி பற்றறியில பதிஞ்சது. இரைச்சலே இல்லை. பிறகு கேற் எதுக்கு?”

“பழக்கத்தில கை போயிருக்கும்.”

“பழக்கத்தில போற கை அந்த இருபது செக்கனுக்கு மட்டுமே போகும்?”

குகதாசன் குரலைத் தாழ்த்தினான். “நீ ஊர் ஊராய் மேடையேறினால் இஞ்ச ஆர் வேலை செய்யிறது? எனக்கு என்ன பேர்? பேசாமல் இரு.”

அவள் பேசாமல் இருக்கவில்லை. மாஸ்ரரை உள்ளே அழைத்தாள், நடந்ததைச் சொன்னாள், கேற்றை அணைத்துக் கொம்பிரசரை அளவாக வைத்துப் பதிவை ஓடவிட்டாள். விழுங்கப்பட்ட இருபது செக்கன்களும் ஒரு சுரம் பிசகாமல் எழுந்து வந்தன. மாஸ்ரர் கன்னத்தில் அடக்கிய வெற்றிலையை மெல்லவும் மறந்து கேட்டார்.

“நடராசா ஏழு சென்மம் எடுத்தாலும் இது வராது.”

“அப்ப நான் வரலாமே, மாஸ்ரர்?”

“இதை நீ காட்டாமல் விட்டிருக்கலாம், பிள்ளை. கை ஏலாது எண்டால் பழக்கி எடுத்திருப்பன். புருஷனே வெட்டுறான் எண்டு தெரிஞ்ச பிறகு உன்னைக் குழுவின்ர வானில ஏத்தி முகமாலைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால், ஊருக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?”

குகதாசன் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டான்.

அமர்ந்ததும் மாஸ்ரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீடியை எடுத்தார். “நடராசான்ர பதிவு. ஜெனரேற்றர் கத்துது. கோவில்காரருக்குக் குடுக்க வேணும். ஒருக்காத் துப்பரவாக்கித் தா, பிள்ளை. உன்னைப்போல ஆருக்கும் அது வராது.”

“இருந்து கேட்டுக்கொண்டே போங்கோ, மாஸ்ரர். இப்பவே செய்வா,” என்றான் குகதாசன்.

அருந்ததி சீடியைப் போட்டாள். இரைச்சலை ஒரு தரம் முழுதாகக் கேட்டாள். கேற்றை நாற்பத்திரண்டில் வைத்தாள். அவனுடைய நீண்ட சுரங்களின் வால் அறுபடாதபடி அதை மெதுவாக அடைபட விட்டாள். அவன் தடுமாறி அழுத்திய இடங்களைக் கொம்பிரசரால் அமர்த்தினாள். ஹெட்போனை மாஸ்ரரிடம் நீட்டினாள்.

“இப்ப சரி,” என்று தலையாட்டினார் அவர். “பார், பொடியன் என்ன நிதானமாய் வாசிச்சிருக்கிறான்.”